ஆவணி பத்துக்குள் ஒரு கூரை

“ஒப்புட்டு மேல எள்ளுத் தூவறது உங்க பக்கத்துப் பழக்கமுங்களா?” என்று சம்பந்தியம்மா கேட்டார்.

துளசிமணிக்கு ஒன்றும் புரியவில்லை. ஒப்புட்டுக்கு யாராவது எள் தூவுவார்களா? குனிந்து தட்டைப் பார்த்தாள். நெய் மினுங்கிக்கொண்டிருந்த அந்தப் பருப்புப் போளியின் மேல் கறுப்பாக நாலு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலேயிருந்து ஐந்தாவது வந்து விழுந்தது.

சம்பந்தியம்மா மெல்லத் தலையை நிமிர்த்தினார். ஓட்டுக்கும் முகட்டு மரத்துக்கும் இடையில், மழை விட்டதும் மடித்து மாட்டிய குட்டிக் குடைகளைப்போல வரிசையாக வௌவால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று மட்டும் கண்ணைத் திறந்து, அவரைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டது.

பாதி ஒப்புட்டு ஏற்கெனவே உள்ளே போயிருந்தது.

அடுத்த அரைமணி நேரம் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியடியில் கழிந்தது. கொப்பளித்து, மறுபடியும் கொப்பளித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த சம்பந்தியம்மா கோபப்படவில்லை. அதுதான் துளசிமணியைக் கலங்கடித்தது.

“தப்பா நெனைச்சுக்காதீங்க. ஆவணி பத்துக்கு வளைகாப்பு வெச்சு, புள்ளையைத் தாயூட்டுக்கு அனுப்பறது மொறைதானுங்க. நான் இல்லைங்கலை. ஆனா பொறக்கற கொழந்தையை இந்த ரூமுலதான் போடுவீங்கன்னா எனக்கு மனசு ஒப்பலீங்க. வவ்வாலுனால என்னென்ன சீக்கு வருதுன்னு வாட்ஸாப்புல தெனம் வருதுங்களே.”

“அதுக்குள்ள எல்லாத்தையும் வெரட்டிப்போடறனுங்க.”

“வெரட்டுனா அனுப்பறேன். இல்லாட்டி ரித்திகா எங்கூட்லயே இருக்கட்டும். ஆஸ்பத்திரியும் பக்கம்.”

கார் ஆர்.எஸ்.புரத்தைப் பார்த்துக் கிளம்பிப் போனது. தொண்டாமுத்தூர் ரோட்டில் அது திரும்பி மறையும்வரை துளசிமணி வாசலிலேயே நின்றாள்.

மகளைக் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. முக்கால் மணி நேரப் பயணம்தான். ஆனால் இந்த இரண்டு வருஷத்தில் ரித்திகா சேர்ந்தாற்போல் இரண்டு ராத்திரி இங்கே தங்கியதில்லை. “இருந்துட்டுப் போ கண்ணு” என்றால், “நாளைக்கு மீட்டிங் இருக்குதும்மா” என்பாள். மாப்பிள்ளை மனோஜ்குமார் காரை அணைக்காமலே வாசலில் காத்திருப்பார். தாய் வீட்டுப் பிரசவம் என்ற பெயரில் கிடைக்கப்போகும் அந்த நாலு மாதத்தைத்தான் துளசிமணி, மகளுக்கு நாள் தள்ளிப்போன செய்தி வந்த அன்றிலிருந்து மனதுக்குள் விரித்து விரித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு ஊற்றிவிட வேண்டும். பக்கத்தில் படுத்துக்கொண்டு ஊர்க்கதை பேச வேண்டும். அதற்குக் குறுக்கே இப்போது ஒரு வௌவால் கூட்டம்.

“ஏ லட்சுமி,” என்று நடுச்சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. “ஒறம்பரை வந்தாங்களே, சோறுகூட உங்காமப் போறாங்க பாத்தியா?”

லட்சுமி என்பது எருமை. அதனிடம் பேசியது காளியாத்தாள். துளசிமணியின் ஓரகத்தி, அதாவது கணவனுடைய அண்ணன் மனைவி.

ஒரே நீள வீடு. அண்ணன் திருமூர்த்திக்குப் பாதி, தம்பி மோகன்குமாருக்குப் பாதி என்று நடுவில் சுவர் எழுப்பிப் பதினொரு வருஷம். திருமூர்த்தி காலமாகி நாலு வருஷம். பாகம் பிரித்த நாளிலிருந்து இந்த இரண்டு பெண்களும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. திருமூர்த்தியின் சாவு வீட்டில்கூட மூன்றாம் மனுஷியிடம் சொல்லித்தான் பேசிக்கொண்டார்கள். காளியாத்தாள் எருமையிடம் சொல்வாள். அது துளசிமணிக்குக் கேட்கும். துளசிமணியிடம் மாடு கன்று எதுவும் இல்லை. அதனால் அவள் வாஷிங் மெஷினிடம் பேசினாள்.

“ஏ மெஷினு, உன்ற வேலையை மட்டும் பாரு. அடுத்தவிங்க ஊட்ல யாரு உங்கறாங்க, யாரு உங்கலைன்னு உனக்கெதுக்கு?”

மெஷின் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தது.

முதல் யோசனை கணவர் மோகன்குமாருடையது. மனைவி சொல்வதற்கெல்லாம் தலையாட்டியே கழுத்து தேய்ந்த மனிதர், அபூர்வமாக ஒரு யோசனை சொன்னார்.

“வவ்வாலுக்கு வெளிச்சம் ஆகாதாமா. ரெண்டு போகஸ் லைட்டு கட்டி மேல பாத்தாப்பல எரிய உட்டா ஓடிப்போயிருமுங்கறாங்க.”

கட்டினார்கள். பொழுது சாய்ந்ததும் தோட்டத்திலிருந்த பூச்சியெல்லாம் வெளிச்சத்தைத் தேடி அந்த அறைக்குள் வந்தன. பூச்சியைத் தேடி வௌவால்கள் வந்தன. அவற்றின் சொந்தபந்தங்களும் வந்தன.

“முப்பதுதானே இருந்துச்சு?” என்றாள் துளசிமணி, அண்ணாந்து பார்த்தபடி.

“இப்ப அம்பது இருக்கும்,” என்றார் மோகன்குமார். எண்ணிக்கையில் அவர் எப்போதும் நேர்மையானவர்.

“லட்சுமி,” என்றது சுவருக்கு அப்பாலிருந்த குரல், “அக்கட்ட ஊட்ல மண்டபமாட்டம் லைட்டு எரியுது. பந்தி நடக்குதாட்ட இருக்குது.”

அடுத்து மாப்பிள்ளை ஆன்லைனில் ஒரு பெட்டி வாங்கி அனுப்பினார். “மனுசங்க காதுக்குக் கேக்காத சத்தம் போடும் அத்தை. வவ்வாலுக்கு மட்டுந்தான் கேக்கும்” என்றார். மோகன்குமார் அதைச் சுவரில் மாட்டிவிட்டு, நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்து, ரொம்ப நேரம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

“ஒண்ணும் கேக்கலையே புள்ள.”

“கேக்காதுன்னுதானுங்க சொன்னாங்க.”

“அப்ப ஓடுதா இல்லையான்னு எப்புடித் தெரிஞ்சுக்கறது?”

அது ஓடுகிறது என்று மறுநாள் காலை தெரிந்தது. வௌவால்கள் அசையவில்லை. பக்கத்து வீட்டில் பால் கறக்கக் குனிந்த காளியாத்தாளை லட்சுமி ஓர் உதை விட்டது. பால்சொம்பு உருண்டது.

துளசிமணி வசவுக்குத் தயாராகி மெஷின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். ஆனால் அன்றைக்கு அந்தக் குரலில் ஏளனம் இல்லை.

“எதுக்கு லட்சுமி இத்தனை பாடு படறாங்க? இத்தனை வருசம் இருந்த வவ்வால்தானே?”

துளசிமணி மெஷினின் மூடியைப் படாரென்று சாத்தினாள்.

“ஆவணி பத்துக்கு என்ற புள்ள பிரசவத்துக்குத் தாயூட்டுக்கு வருது மெஷினு! அதுக்குள்ள வவ்வால் போகோணும். போகலைன்னா அனுப்ப மாட்டங்கறாங்க. ஊருக்கே தெரியும், சில பேருக்குத்தான் ஒண்ணும் தெரியாது!”

அந்தப் பக்கத்திலிருந்து காலிச் சொம்பில் பால் பீய்ச்சும் சத்தம் மட்டும் கேட்டது.

கூரையையே மாற்றிவிடுவது என்று முடிவானது. கோவை கோட்டைமேட்டிலிருந்து அப்துல் கையூம் பாய் வந்தார். அறுபதைத் தாண்டியவர். கூரை வேலையில் நாற்பது வருஷம். வளையல் வியாபாரி பெட்டியைத் திறப்பதுபோல் ஒரு பையைத் திறந்து, கை அகலத் துண்டுகளாக விதவிதமான ஷீட்டுகளை எடுத்து வரிசையாகப் பரப்பினார்.

“இது சிமென்ட் ஷீட்டு அம்மணி. சித்திரை வெயிலுக்கு உள்ள வெச்ச மாவு அதுபாட்டுக்கு இட்லி ஆயிரும். பச்சைக் கொழந்தைக்கு ஆகாது. இது கலர் ஷீட்டு. ஒரே வாரத்துல முடிச்சுப்போடலாம். ஓட்டையே பிரிச்சு, அடியில பலகை அடிச்சு மறுபடி மேயலாம்; அதுக்கு ரெண்டு மூணு மாசம் ஆகுமுங்க.”

“எதுல பாய் வவ்வால் வராது?”

“ஒரேயடியா வரக்கூடாதுன்னா கான்கிரீட்டுதானுங்க. ஆளு சேத்துனா ஆவணிக்குள்ள முடிக்கப் பாக்கலாம். ஆனா இந்த நடுச்செவுரு ரெண்டு ஊட்டுக்கும் பொதுவாச்சுங்களே. அது மேல கம்பி ஏத்தோணும்னா அக்கட்ட ஊட்டம்மா சரின்னு சொல்லோணும்.”

துளசிமணி கலர் ஷீட்டுத் துண்டைக் கையில் எடுத்தாள்.

“நான் வேணா ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கட்டுங்களா?”

“வேண்டாம் பாய். கலர் ஷீட்டே போடுங்க.”

கிணற்றுத் தண்ணீர் முறை வைப்பதில் சண்டை வந்துதான் ஓரகத்திகள் பிரிந்தார்கள் என்று ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். துளசிமணியும் யாராவது கேட்டால் கிணற்றைத்தான் சொல்வாள். உண்மையில் அது ஒரு வாக்கியம்.

காளியாத்தாளுக்குக் குழந்தை இல்லை. ரித்திகாவை வளர்த்ததெல்லாம் அவள்தான். துளசிமணி கொப்பரைக் களத்தில் நின்ற நாட்களில் குழந்தைக்குச் சோறு ஊட்டியது, ஜடை பின்னியது, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது எல்லாம் பெரியம்மாதான். ரித்திகா பெரிய மனுஷியானபோது சீர் வைத்தார்கள். கூட்டம் நிறைந்திருந்தது. மஞ்சளும் பூவும் வைத்த தட்டை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் காளியாத்தாள்தான் ஆசையாக வந்தாள். யாரோ ஒரு கிழவி முணுமுணுத்தாள். துளசிமணிக்குப் பயமாகிவிட்டது, மகளுடைய வாழ்க்கை ஆயிற்றே. “புள்ளை பெத்தவிங்க மொதல்ல வாங்க” என்று சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான். காளியாத்தாள் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். அடுத்த வருஷம் நடுச்சுவர் எழுந்தது.

ஷீட்டுக்கு நீலமா சிவப்பா என்று சம்பந்தியம்மாவிடம் வாட்ஸாப்பில் கேட்டு, நீலம் என்று முடிவாகி, ஆடி முதல் வாரத்தில் ஓடுகளைப் பிரித்தார்கள். பிரித்ததும் வௌவால்கள் போகும் என்று எதிர்பார்த்தார்கள். போயின, வீட்டுக்குள். சேலை பீரோவில் இரண்டு, மிக்ஸிக்குப் பின்னால் ஒன்று, சாமி படத்துக்குப் பின்னால் நாலு. மறுநாள் மோகன்குமார் பைக்கை எடுக்க ஹெல்மெட்டை மாட்டியவர், மாட்டிய வேகத்திலேயே கழற்றி வீசிவிட்டு வேலிவரை ஓடினார்.

“ஏனுங்க, கடிச்சுப்போடுச்சா?”

“கடிக்கலை. உள்ள குடியிருக்குது.”

நீலக் கூரை ஏறியது. நாலு நாள் நிம்மதி. ஆடிக்காற்று அடித்தபோதெல்லாம் கூரை லாரி போவதுபோல் கடகடத்தது. ஆனால் ஒரு வௌவால் இல்லை. ஐந்தாம் நாள் ஷீட்டுக்கடியில் கிசுகிசுவென்று பேச்சுக் குரல்.

அப்துல் கையூம் ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு, ஏணியிலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

“என்னங்க பாய்?”

“ஓட்டுல வெறும் சந்துதானுங்க இருந்துச்சு. இந்த ஷீட்டு நெளிவு நெளிவா இருக்குதுங்களா, நாம வரிசையா ரூமு கட்டிக் கொடுத்தாப்பல ஆயிப்போச்சு. நெளிவுக்கு ஒரு குடும்பம் இருக்குது அம்மணி.”

“நாங்க லைன் ஊடு கட்டி வாடகைக்கு உட்டிருக்கறமா பாய்?” என்று துளசிமணி சத்தம் போட்டாள். அவர் ஏணியிலிருந்து இறங்கினார். தொண்டை வறண்டுபோன மனிதருக்குச் சுவருக்கு அப்பாலிருந்து மோர்ச் சொம்பு ஒன்று நீண்டது. அவர் அந்தப் பக்கம் போய் நின்று குடித்தார். எதிரி வீட்டு மோர் என்று துளசிமணிக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

அதற்கப்புறம் வந்ததுதான் பிவிசி சீலிங். “வவ்வால் மேல இருந்தாலும் கீழ தெரியாதுல்ல?” என்பது துளசிமணியின் கணக்கு. வெள்ளை வெளேரென்று, நடுவில் பூப்போட்ட சீலிங். ஆடிக் கடைசியில் சம்பந்தியம்மா பார்வையிட வந்தார். அண்ணாந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

“ரொம்ப அழகா இருக்குதுங்க. எங்கூட்லகூட இப்படி இல்லை.”

துளசிமணிக்குப் பூரித்துப்போயிற்று. காபி கொண்டுவந்தாள். இந்த முறை தட்டில் முறுக்கு. மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மூடியிருந்தாள்.

“மேல என்னமோ சத்தம் கேக்குதுங்களே. எலிங்களா?”

“காத்துங்க. ஆடி மாசமாச்சுங்களே.”

காற்று ஒரு பக்கமாக நகர்ந்தது. பிறகு இன்னொரு பக்கமாக நகர்ந்தது. பூவுக்கு நேர் கீழே சீலிங் லேசாகத் தொப்பை போட்டது. மோகன்குமார் அதைப் பார்த்துவிட்டார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவர் முடிவெடுப்பதற்குள் பலகை ஒன்று கழன்றது.

சம்பந்தியம்மாவைக் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே கொண்டுவரக் கால்மணி நேரம் ஆயிற்று. “பதினேழுங்க,” என்று யாரும் கேட்காமலே மோகன்குமார் சொன்னார்.

இப்போதும் சம்பந்தியம்மா கத்தவில்லை. தலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “ரித்திகாவை நானே பாத்துக்கறேனுங்க. நீங்க வளைகாப்புக்கு ஒறம்பரையாட்டம் வந்துட்டுப் போங்க.”

அன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் ரித்திகா போன் செய்தாள்.

“பரவால்லம்மா. நான் இங்கயே இருந்துக்கறேன். நீ மனசு சங்கடப்படாதே.”

“சரி கண்ணு.”

“பெரியம்மா எப்படிம்மா இருக்காங்க?”

“இருக்கறாங்க.”

போனை வைத்துவிட்டு, மகளுக்கென்று வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த புது மெத்தையின்மேல் துளசிமணி உட்கார்ந்தாள். ‘பரவால்ல’ என்று அந்தப் பெண் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! சீலிங்கின் ஓட்டை வழியே ஒரு வௌவால் தலைகீழாக எட்டிப் பார்த்தது. அதை விரட்டக்கூட அவளுக்குக் கை எழவில்லை. பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தை நனைந்தால் வழியத்தான் செய்யும். அவள் அழுதது வழிந்து தரையில் சொட்டியது.

மறுநாள் சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்து கெஞ்சினாள். “ஆவணி பத்து வரைக்கும் மட்டும் பொறுத்துக்குங்க. அன்னைக்கு ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் நான் வாயைத் தொறக்க மாட்டேன்.” சம்பந்தியம்மா யோசித்து, சரி என்றார்.

அப்துல் கையூம் கடைசி வைத்தியம் செய்தார். ஷீட்டின் நெளிவுகளிலெல்லாம் பஞ்சு வைத்து அடைத்து, கம்பிவலை அடித்தார். “கொஞ்சம் வழி உட்டிருக்கறனுங்க. உள்ள இருக்கறது தானா வெளிய போகட்டும்” என்றார்.

அதே வாரத்தில்தான் காளியாத்தாள் தன் வேலையை ஆரம்பித்தாள்.

முதலில் துளசிமணி நம்பவில்லை. ஐம்பத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏணியில் நின்று, தன் பாதி வீட்டின் ஓடுகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கழற்றிக் கீழே அடுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் வீட்டுச் சாமான்கள் வெளியே வந்தன. கட்டில், அரிசிப் பானை, திருமூர்த்தியின் போட்டோ எல்லாம் மாட்டுக் கட்டுத்தரைக்குப் போயின. பதிலுக்குப் பழைய சாக்குகள் வீட்டுக்குள் போயின. அன்று சாயங்காலத்திலிருந்து அந்த வீட்டில் விளக்கு எரியவில்லை.

“வித்துப்போட்டுக் கெளம்பறாங்களாட்ட இருக்குது,” என்றார் மோகன்குமார். “பழைய ஓட்டுக்கு இந்த ரிசார்ட்டுக்காரங்க அலையறாங்களாமா. சாக்குல கட்டித்தானே ஏத்துவாங்க.”

துளசிமணி வாசலுக்குப் போய் அந்த வீட்டைப் பார்த்தாள். பிள்ளைத்தாய்ச்சி வரப்போகிற வீடு. ஒட்டினாற்போல் பக்கத்தில் கூரை பிரிந்து, விளக்கு வைக்காத பாழ் வீடு. இதைவிடக் கெட்ட சகுனம் உண்டா? பன்னிரண்டு வருஷம் காத்திருந்து அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்கிறாள். வேறென்ன?

பின்கட்டுக்கு ஓடினாள். மெஷினில் துணிகூடப் போடாமல் கத்தினாள்.

“என்ற புள்ள வர்ற நேரம் பாத்து ஊட்டைப் பாழாக்கி வெக்கறாங்க மெஷினு! பெத்திருந்தாத் தெரியும் அந்த வலி!”

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது.

அந்தப் பக்கம் லட்சுமி கனைத்தது.

“உஸ்,” என்றது காளியாத்தாளின் குரல், மிக மெல்ல. “சத்தம் போடாதே லட்சுமி. பேசாம இரு.”

இரண்டு நாள் விடாமல் மழை. திறந்து கிடந்த கூரை வழியாக அந்த வீட்டுக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் இங்கே கேட்டது. காளியாத்தாள் கட்டுத்தரையில், எருமைக்குப் பக்கத்தில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவ்வப்போது இருமல். மோகன்குமார் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“எங்க போறீங்க?”

“அண்ணி நனையறாங்க புள்ள. கூட்டிட்டு வாரேன்.”

“அவிங்க ஊட்டை அவிங்களே பிரிச்சுப்போட்டு நனையறாங்க. நாமதான் வெரட்டிப்போட்டோம்னு ஊரு பேசோணும், அதுக்குத்தான் இந்த நாடகம். உக்காருங்க.”

அவர் குடையை மடித்தார். ஆனால் அன்று முழுவதும் தலையாட்டவில்லை.

மழை விட்டதும்தான் துளசிமணி கவனித்தாள். கிசுகிசுப்பு குறைந்திருந்தது. மோகன்குமார் டார்ச் அடித்து எண்ணினார். நாற்பது, இருபத்திரண்டாயிற்று. இருபத்திரண்டு, ஆறாயிற்று. ஆவணி பிறந்து மூன்றாம் நாள், “ஒண்ணும் இல்லை புள்ள” என்றார். அவளே ஏறிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

வீடியோ காலில் சம்பந்தியம்மாவுக்கு மூலை மூலையாகக் காட்டினாள். சம்பந்தியம்மா, “அந்த டேங்குக்குப் பின்னால காட்டுங்க, ஹெல்மெட்டுக்குள்ள காட்டுங்க” என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில் சிரித்தார்.

வளைகாப்புக்கு முந்தின நாள் துளசிமணி மெஷினிடம், “நாளைக்கு ஆர்.எஸ்.புரத்துல வளைகாப்பு. வர்றவிங்க வரலாம், யாரும் தடுக்கலை” என்றாள். அவளளவில் அது பெரிய இறக்கம். அந்தப் பக்கத்திலிருந்து, “நாம எதுக்கு லட்சுமி அங்கெல்லாம்? நல்லபடியா வந்து சேந்தாப் போதும்” என்று கேட்டது.

ரித்திகா வந்தாள். இரண்டு கையிலும் வளையல் குலுங்க, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, காரை அனுப்பிவிட்டு உள்ளே வந்தாள். அன்று துளசிமணிக்குக் கால் தரையில் பாவவில்லை. தலைக்கு ஊற்றிவிட்டாள். பக்கத்தில் படுத்துக்கொண்டு ஊர்க்கதை பேசினாள். பேசிக்கொண்டே இருக்கும்போது மகள் தூங்கிப்போனதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் விழித்திருந்தாள்.

ஆனால் ரித்திகா காலையில் எழுந்ததும் வாசலுக்கு வந்து அந்தப் பாழ் வீட்டைத்தான் பார்த்தாள். இரண்டு தடவை போய்க் கதவைத் தட்டினாள். பூட்டியிருந்தது. தூரத்தில் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்த காளியாத்தாள் இவளைப் பார்த்து ஒரு கையை உயர்த்திக் காட்டினாள். கிட்டே வரவில்லை.

“பெரியம்மாவுக்கு என்மேல என்னம்மா கோபம்? ஊட்டை ஏன் இப்படிப் போட்டிருக்காங்க?” என்று கேட்டுக் கண் கலங்கினாள் ரித்திகா.

வயிற்றுப்பிள்ளைக்காரி தினமும் எழுந்ததும் பாழ் வீட்டில் விழிப்பதா? நாலு நாள் பொறுத்தாள் துளசிமணி. ஐந்தாம் நாள், கூரையில் கழன்ற இரண்டு திருகாணிகளை முடுக்க அப்துல் கையூம் வந்தபோது, அவருக்கு ஒப்புட்டும் காபியும் கொடுத்து வாசலுக்குக் கூட்டிவந்தாள்.

“உங்க வேலைதானுங்க பாய் என்ற புள்ளையை ஊடு கொண்டுவந்து சேத்துச்சு. அந்தப் பஞ்சு வெச்சு அடைச்சீங்க பாருங்க, ஒண்ணுகூட இல்லாம ஓடிப்போயிருச்சு. இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி. இங்கயிருந்து அந்த வேலி வரைக்கும் ஆள் உயரத்துக்கு மேல ஷீட்டு நிறுத்தி மறைச்சுப்போடுங்க. அந்தப் பாழ் ஊடு என்ற புள்ள கண்ணுல படவே கூடாது.”

அப்துல் கையூம் அளக்கும் டேப்பை எடுத்தார். கொஞ்ச தூரம் இழுத்தார். பிறகு கையை விட்டார். டேப் சரசரவென்று உள்ளே சுருண்டது.

“அம்மணி, என்ற வேலையில போகலீங்க அது.”

“பின்னே?”

“பஞ்சுக்கும் வலைக்கும் பயந்து வவ்வால் எங்கயுங்க போகுது? அதைவிட நல்ல எடம், நொழையச் சந்தும் தொங்கறதுக்குச் சாக்கும் வெளக்கில்லாத இருட்டுமா, பக்கத்துலயே கெடைச்சாத்தான் போகும்.”

கட்டுத்தரைப் பக்கமிருந்து இருமல் சத்தம் வந்தது. அவர் அந்தத் திசையைப் பார்க்காமல், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“யாருகிட்டயும் மூச்சு உடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நீங்க என்னைக் கூப்புட்டு வவ்வால் வராத கூரை எதுன்னு கேட்டீங்க. அன்னைக்கு மோர் குடிக்கப் போனப்ப அந்தம்மா, வவ்வாலுக்குப் புடிச்ச கூரை எதுன்னு கேட்டாங்க.”